வேலைக்குப் போகப் போகிறேன், தாய்ப்பாலை நிறுத்த வேண்டுமா?

கேள்வி: திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். மகளுக்கு ஐந்து மாதம் முடிந்துவிட்டது. மூன்று வாரத்தில் வேலைக்குத் திரும்ப வேண்டும். காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை மாமியார் பார்த்துக்கொள்வார். பாட்டிலை வாயருகே கொண்டுபோனாலே அழுகிறாள். பவுடர் பால் பழக்கச் சொல்கிறார்கள். பிள்ளையை விட்டுப் போவதை நினைத்தால் எனக்கே அழுகை வருகிறது.

பதில்: நன்றாக வளரும் பிள்ளைக்குப் பவுடர் பால் தேவையில்லை. பாட்டிலும் வேண்டாம். நீங்கள் இல்லாத நேரத்துக்கு மூன்று வேளைப் பால் வேண்டும். வேளைக்கு 90 முதல் 120 மில்லி. நீங்கள் வேலையில் சேரும்போது ஆறு மாதமும் கிட்டத்தட்ட நிறைகிறது. கூழ், மசித்த சாதம் என்று தொடங்கிவிட்டால் இன்னும் சுலபம்.

பாட்டிலை மறுத்தால் பாலாடை இருக்கிறது, மருந்து புகட்டுகிற அதே சங்குதான். உங்கள் மாமியாருக்கு அது பழகிய பொருளாகவே இருக்கும். மடியில் நிமிர்த்தி வைத்து, சங்கின் மூக்கைக் கீழுதட்டில் வைத்து லேசாகச் சாய்த்தால் போதும். குழந்தை தானே உறிஞ்சிக்கொள்ளும். வாய்க்குள் ஊற்றினால் புரையேறும். இந்த வாரமே தினம் ஒரு வேளை தொடங்குங்கள், பசி முற்றி அழுவதற்கு முன்பாக. அந்த நேரத்தில் நீங்கள் அறையில் இருக்காதீர்கள். அம்மா வாசனை பக்கத்தில் இருக்கும்போது எந்தப் பிள்ளை சங்கைத் தேடும்?

காலையில்தான் பால் அதிகம் சுரக்கும். குழந்தை குடித்து அரை மணி கழித்துக் கையாலோ பம்பாலோ எடுத்துப் பாருங்கள். முதல் நாள் 20 மில்லிதான் வரும். பயப்படாதீர்கள், தினமும் எடுக்க எடுக்க அளவு கூடும். அலுவலகத்திலும் மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை எடுத்துவிடுங்கள். தள்ளிப்போட்டால் பால் கட்டிக்கொண்டு வலிக்கும், சுரப்பும் குறையும். மார்பு சிவந்து காய்ச்சலும் வந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

எடுத்த பாலை மூடியுள்ள சுத்தமான எவர்சில்வர் அல்லது கண்ணாடி டப்பாவில் ஊற்றித் தேதி ஒட்டுங்கள். 25 டிகிரி அறையில் நான்கு மணி நேரம் தாங்கும். நம் ஊர் வெயிலுக்கு அதை நம்ப வேண்டாம். ஐஸ் பேக் போட்ட பையில் வீட்டுக்குக் கொண்டுவந்து ஃப்ரிட்ஜின் உள்தட்டில் வையுங்கள். நான்கு நாள் இருக்கும். இன்று எடுத்தது நாளைக்கு, வெள்ளிக்கிழமை எடுத்தது திங்களுக்கு.

மாமியாரிடம் முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுங்கள். ஃப்ரிட்ஜில் வைத்த தாய்ப்பால் பிரிந்து நிற்கும். மேலே மஞ்சளாகக் கொழுப்பு, அடியில் நீலம் பாய்ந்த தண்ணீர் மாதிரி. திரிந்துவிட்டது என்று கீழே கொட்டிவிடுவார்கள், இல்லையென்றால் பசும்பால் போல அடுப்பில் வைத்துக் காய்ச்சிவிடுவார்கள். இரண்டும் வேண்டாம். டப்பாவை வெந்நீர்க் கிண்ணத்தில் வைத்து லேசாகச் சுழற்றினாலே கலந்துவிடும். குடித்து மீந்ததை இரண்டு மணி நேரத்துக்குள் கொடுக்கலாம், அதற்கு மேல் கூடாது.

'வெயிலில் வந்த சூட்டுப்பால், பீய்ச்சி விட்டுட்டுக் கொடு' என்பார்கள். பால் சூடாவதில்லை, எப்போதும் உடம்பின் வெப்பத்தில்தான் இருக்கிறது. ஒரு சொட்டைக்கூட வீணாக்காதீர்கள்.

குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை, வழக்கமான இடைவேளை போக, பாலூட்ட இரண்டு இடைவேளை என்பது 1961 மகப்பேறு பலன் சட்டம் முதலே உள்ள உரிமை. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகமும் இருக்க வேண்டும் என்று 2017-இல் சேர்த்தார்கள். பால் எடுக்கத் தாழ்ப்பாள் உள்ள ஓர் அறையும் சேர்த்து, இப்போதே மேலாளருக்கு எழுதிக் கேளுங்கள். கழிவறையில் எடுக்கச் சொன்னால் சம்மதிக்காதீர்கள். அது உங்கள் மகளின் சாப்பாடு.

அழுகை பற்றிக் கேட்டீர்கள். முடிந்தால் புதன் அல்லது வியாழனில் வேலையில் சேருங்கள். முதல் வாரம் இரண்டு மூன்று நாளில் ஓடிவிடும். அந்த நாட்களில் கண் கலங்குவது இயல்பு. ஆனால் இரண்டு வாரம் தாண்டியும் மனம் தேறவில்லை, பிள்ளை தூங்கினாலும் உங்களுக்குத் தூக்கம் வரவில்லை என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள். 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

அப்புறம், ஐந்து மணிக்கு மேல் மகளுக்குப் பால் கொடுக்க வேண்டாம் என்று மாமியாரிடம் சொல்லி வையுங்கள். ரொம்ப அழுதால் இரண்டு சங்கு போதும். ஆறரைக்கு நீங்கள் கை கால் கழுவிவிட்டு உட்காரும்போது அவளுக்கும் பசி இருக்கும், உங்களுக்கும் பால் நிறைந்திருக்கும்.