ஹெட்லைட்டில் செனான் பல்ப் போடலாமா?

கேள்வி: என் கார் 2006 மாடல், எச்4 ஹாலஜன் பல்ப். வெளிச்சம் போதவில்லை. செனான் கிட் மாட்டலாமா?

பதில்: வேண்டாம். எச்4 பல்பின் ஃபிலமென்ட் நிற்கும் இடத்தைக் கணக்கிட்டுத்தான் உங்கள் ரிஃப்ளெக்டரை (பல்புக்குப் பின்னால் ஒளியைச் சாலைக்குத் திருப்பும் பளபளப்பான கிண்ணம்) வடிவமைத்திருக்கிறார்கள். செனானில் ஃபிலமென்ட் இல்லை. வாயுவில் எழும் மின்வில்தான் ஒளிர்கிறது. அதன் வடிவமும் இடமும் வேறு. ஒளி சிதறி எதிரே வருபவர் கண்ணைக் கூசச் செய்யும். தூரத்துச் சாலையோ இருட்டாகவே இருக்கும். விதிப்படியும் தவறு. செனான்தான் வேண்டுமென்றால் அதற்கேற்ற புரொஜெக்டரும் (லென்ஸ் வழியே ஒளியைக் குவிக்கும் அமைப்பு) சேர வேண்டும், செலவு எகிறும்.

முதலில் எஞ்சினை ஓடவிட்டு, லைட்டைப் போட்டு, பல்ப் கனெக்டரில் மல்டிமீட்டர் வையுங்கள். பேட்டரியில் 13.8 வோல்ட் இருக்க, இங்கே 12.4 மட்டும் வந்தால் வயரிங்தான் குற்றவாளி. வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் சுமார் 30 சதவீதம் போய்விடும். அப்படியானால் பேட்டரியிலிருந்து நேராக 2.5 சதுர மி.மீ. வயர், பேட்டரி பக்கத்திலேயே 20 ஆம்பியர் ஃபியூஸ், லோ பீம், ஹை பீமுக்குத் தனித்தனி 30 ஆம்பியர் ரிலே (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் சுவிட்ச்), புது எர்த் வயர் போடுங்கள். பழைய வயர் ரிலேயை இயக்கினால் போதும். சில ஜப்பானிய வடிவமைப்புகளில் சுவிட்ச் எர்த் பக்கம் இருக்கும். சாதாரண ரிலே கிட் அதில் வேலை செய்யாது. பல்ப் அதே 60/55 வாட் போதும், கண்ணாடியை விரலால் தொடாமல் மாட்டுங்கள். பிளாஸ்டிக் லென்ஸ் மஞ்சளாகியிருந்தால் பாலிஷ் போட மறக்க வேண்டாம்.