1,40,000 கி.மீ. ஓடிய பெட்ரோல் கார்: இரிடியம் ஸ்பார்க் பிளக் போடலாமா, சாதாரணமே போதுமா?

கடைக்குப் போகும் முன் பழைய பிளக்குகளைக் கழற்றிப் பாருங்கள். நான் அதைச் செய்யாமல் காசை விட்டவன்.

பெங்களூரு அல்சூரில் இருக்கிறேன். என் 2010 மாருதி ரிட்ஸ் காரும் கிட்டத்தட்ட அவ்வளவு ஓடியதுதான். போன மழைக்காலத்தில் சிக்னலில் நின்றால் உதறல், டொம்ளூர் மேம்பாலம் ஏறினால் மிஸ்ஸிங், அதாவது இன்ஜின் விட்டுவிட்டு இழுக்கும். ஜே.சி. ரோட்டில் நாலு இரிடியம் பிளக் வாங்கிக்கொண்டு தெருமுனை மெக்கானிக்கிடம் போய் நின்றேன். அவர் அதைத் தொடவே இல்லை. பழைய நாலையும் கழற்றி, சிலிண்டர் வரிசை மாறாமல் ஓர் அட்டை மூடியில் அடுக்கினார். மூன்றின் முனை ரஸ்க் நிறத்தில் இருந்தது. அது நல்ல எரிப்புக்கு அடையாளம். ஒன்று மட்டும் கறுத்து, தொட்டால் விரலில் பிசுபிசுத்தது.

"சார், இந்த சிலிண்டர் ஆயில் குடிக்குது. இரிடியம் போட்டாலும் இதே கோலம்தான். சாதாரணமே போடுங்க, அடிக்கடி மாத்திக்கலாம்" என்றார்.

விஷயம் இவ்வளவுதான். இரிடியம் முனை மெதுவாகத் தேயும். சாதாரண நிக்கல் பிளக் 30,000–40,000 கி.மீ. தாங்கினால் இது ஒரு லட்சம் வரை வரும். விலை அந்த ஆயுளுக்குத்தான். தேய்வதற்குள் ஆயில் படிந்துவிட்டால் என்ன லாபம்? ஆயிலை உள்ளே விடாமல் தடுக்கும் பிஸ்டன் ரிங்கோ வால்வ் சீலோ தேய்ந்திருந்தால் எந்தப் பிளக்கும் அதைச் சரிசெய்யாது. பிசுக்கு இல்லாமல் உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது. ஆயில் பிளக்கின் வெளிப்பக்கத்தில் மட்டும் இருந்தால் பயம் வேண்டாம், பெரும்பாலும் இன்ஜின் மேல்மூடி சீல் கசிவுதான். நாலும் ரஸ்க் நிறமா? தாராளமாக இரிடியம் போடுங்கள். கம்பெனியே இரிடியம் போட்டு விற்ற வண்டி என்றால் அதையே தொடருங்கள்.

எதை வாங்கினாலும் மேனுவலில் உள்ள எண்ணைப் பாருங்கள். அதில் வரும் வெப்ப எண் என்ஜிகே கம்பெனி பிளக்கில் கூடினால் அது குளிர்ந்த வகை, அதாவது சூட்டைச் சீக்கிரம் வெளியே கடத்தும்; பாஷ் கம்பெனியில் நேர் எதிர். "ஒரு நம்பர் பெருசு, நல்லா இழுக்கும்" என்று கடையில் சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள். பிளக் முனைகளின் இடைவெளியையும் அளந்து போடுங்கள். இரிடியத்தின் மெல்லிய நடுமுனையை மட்டும் நெம்பாதீர்கள், உடைந்துவிடும். அப்புறம், இன்ஜின் நன்றாக ஆறிய பிறகுதான் கழற்ற வேண்டும். சூட்டில் திருகினால் அலுமினிய ஹெட்டின் மரை போய்விடும், அந்தச் செலவுக்கு முன் பிளக் விலை ஒன்றுமே இல்லை.

நான் வாங்கிய நாலு இரிடியத்தையும் கடையில் திருப்பி எடுக்கவில்லை. டேஷ்போர்டில்தான் கிடக்கின்றன.