ரேக் இல்லாமல் 1யூ சர்வரை எப்படி வைப்பது?

கேள்வி: பழைய 1யூ சர்வர்கள் இரண்டு இருக்கின்றன, ரேக் (சர்வர்களை மாட்டும் இரும்புச் சட்டகம்) இல்லை. ஒன்றின் மேல் ஒன்று அடுக்கலாமா, பக்கவாட்டில் நிறுத்தலாமா, மூடியைக் கழற்றினால் சூடு குறையுமா?

முதலில், மூடியைக் கழற்றவே கழற்றாதீர்கள். 1யூ என்பது 44 மில்லிமீட்டர் சொச்சம் உயரம்தான். உள்ளே வரிசையாக இருக்கும் சின்ன ஃபேன்கள் முன்பக்கக் காற்றை இழுத்து, ஹார்ட் டிஸ்க், புராசஸர், ராம் எல்லாவற்றையும் தாண்டிப் பின்னால் தள்ளுகின்றன. புராசஸரின் ஹீட்சிங்க்கில் (சூட்டை இழுக்கும் உலோகப் பட்டை) பெரும்பாலும் தனி ஃபேன் இருக்காது. மூடியும் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் மறைப்பும்தான் காற்றை அதன் வழியாகப் போக வைக்கின்றன. மூடியை எடுத்தால் காற்று மேலே கலைந்துபோகும், புராசஸர் கொதிக்கும். காலி டிஸ்க் ஸ்லாட்டுகளில் இருக்கும் டம்மி அடைப்புகளையும் எடுக்காதீர்கள்.

அடுக்குவதில் சூட்டைவிட எடைதான் பிரச்சினை. மேல் தகடு மெல்லியது, பாரம் தாங்குவதற்காகச் செய்தது அல்ல. கீழே உள்ளதைத் திறக்க ஒவ்வொரு முறையும் மேலே உள்ளதை இறக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு தட்டு என்று இரும்பு ஷெல்ஃப் வாங்கிவிடுங்கள்.

பக்கவாட்டில் நிறுத்தலாம், ஹார்ட் டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகாது. சாயாமல் கட்டினால் சரி.

அப்புறம், பின்பக்கத்தைச் சுவரோடு ஒட்டாதீர்கள். ஒரு அடியாவது இடைவெளி விடுங்கள். மூடிய அலமாரி வேண்டவே வேண்டாம். உள்ளே போகும் காற்று 18 முதல் 27 டிகிரி செல்சியஸ் வரை இருக்கலாம் என்பது ஆஷ்ரே என்ற குளிரூட்டல் பொறியாளர்கள் அமைப்பின் பரிந்துரை. சர்வரின் சென்சார்களைக் கண்காணிக்க உதவும் ஐபிஎம்ஐ வழியாக இன்லெட் வெப்பநிலையை, அதாவது உள்ளே போகும் காற்றின் வெப்பநிலையை, பாருங்கள். அறையின் வெப்பநிலையைவிட அது நிறையக் கூடுதலாக இருந்தால், பின்னால் வெளியேறிய சூடான காற்றே சுற்றி முன்பக்கம் வருகிறது. சர்வரைத் திருப்பி வையுங்கள்.