பின்னணியைக் கழித்தவருக்கு

அன்புள்ள ஐயா,

மன்னார்குடியில் எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கிறேன். ஆய்வேட்டுக்காக மேக்னடைட் என்ற காந்த இரும்பு ஆக்சைடுத் தூள் தயாரித்து, எக்ஸ்-கதிர் அதில் பட்டுச் சிதறும் கோலத்தை (விளிம்பு விளைவு) எடுத்தேன். மென்பொருளில், கூரிய முகடுகளுக்கு அடியில் பரவிக் கிடந்த பின்னணியைக் கழித்த பிறகு வரைபடம் சுத்தமாக வந்தது. கனசதுரப் படிகம் என்பது உறுதியானது. எங்கள் பேராசிரியரோ, அணுவுக்கு அணு பார்த்தால் அமைப்பு வேறு என்கிறார். எக்ஸ்-கதிர் பொய் சொல்கிறதா? இந்தத் துறையில் வேலை கிடைக்குமா?

அன்புள்ள தம்பி,

வேலையைப் பற்றிச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள், என்னை விட்டுவிடுங்கள். எக்ஸ்-கதிர் பொய் சொல்கிறதா என்பது சோம்பேறிக் கேள்வி. படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் சின்னஞ்சிறு அணுக்கட்டம்தான் அலகுக்கூடு. கோடானுகோடி அலகுக்கூடுகளின் சராசரியைக் கேட்டீர்கள், அது சொன்னது.

என்னை உறுத்தியது வேறொரு வரி. ‘பின்னணியைக் கழித்த பிறகு சுத்தமாக வந்தது.’ எதைக் கழித்தீர்கள்? காற்றும் தூள் வைத்த கண்ணாடியும் சிதறடித்ததைக் கழிக்கலாம், வெறும் கண்ணாடியைத் தனியாக அளந்திருந்தால். நீங்கள் அளந்ததாகத் தெரியவில்லை. மென்பொருள் ஒரு வளைகோடு போட்டது. அதற்குக் கீழே கிடந்ததெல்லாம் குப்பைக்குப் போனது. கூரிய முகடுகள் எல்லாக் கூடுகளுக்கும் பொதுவானதை மட்டுமே சொல்பவை. அணுக்கள் தத்தம் இடத்திலிருந்து எப்படி விலகி நிற்கின்றன என்ற சேதி, முகடுகளுக்கு நடுவே மங்கலாகப் பரவிக் கிடக்கிறது. சுத்தம் என்று பூரித்துப்போகிறீர்களே, துடைத்து எறிந்தது அதையும்தான்!

என் அப்பா தலைஞாயிறு பக்கம் கடைமடை விவசாயி. ஒரு குறைதீர் கூட்டத்தில் அதிகாரி ஒருவர் கன அடிக் கணக்கை வாசித்து, ஆற்றில் போதிய தண்ணீர் போகிறது என்றார். அப்பா எழுந்து கேட்டார்: “எந்த மதகில் அளந்தீர்கள்?” கணக்கில் பிழை இல்லை, தலைமதகில் அளந்தது. எங்கள் வாய்க்காலில் நண்டு வளைகூட நனைந்திருக்கவில்லை. ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தது என்று ஊரெல்லாம் மகிழும்போதும் அப்பா நாற்றங்காலைத் தொட மாட்டார். எங்கள் மதகில் தண்ணீரைக் கண்ணால் பார்த்தால்தான் விதைநெல்லை ஊறவைப்பார்.

உங்கள் மேக்னடைட்டையே பாருங்கள். அதன் கனசதுர அமைப்பை இயற்பியலாளர் பிராக் 1915-இல் கண்டறிந்தார். சுமார் 125 கெல்வினுக்குக் கீழே அதன் மின்கடத்துதிறன் நூறு மடங்கு அளவுக்குச் சரிவதை வெர்வே என்ற விஞ்ஞானி 1939-இல் காட்டினார். அந்தக் குளிரில் அணுக்கள் நிற்கும் விதம் முழுதாகப் புரிந்தது 2012-இல்தான்: இரும்பு அணுக்கள் மும்மூன்றாக ஒரே கோட்டில் சேர்ந்து எலக்ட்ரானைப் பகிர்ந்துகொள்கின்றன. என் தூக்கத்தைக் கெடுத்த செய்தி 2019-இல் வந்தது. சராசரியில் அப்பழுக்கற்ற கனசதுரமாகத் தெரியும் வெப்பநிலையிலும் உள்ளே விலகல்கள் அலைந்துகொண்டே இருக்கின்றன. சுமார் 850 கெல்வினில் காந்த ஒழுங்கு கலைகிறதே, அவையும் அங்கேதான் அடங்குகின்றன. குளிர்ந்து வரும்போது இரண்டும் சேர்ந்தே தலைகாட்டுகின்றன. முகடுகளோடு மங்கலையும் சேர்த்து, அணுக்களுக்கு இடையிலான தொலைவுகளைக் கணக்கிட்டவர்களுக்கே இது தெரிந்தது. சித்திரை வெயிலில் கொள்ளிட மணலில் காந்தத்தை இழுத்தால் கரும்பொடி சிலிர்த்துக்கொண்டு ஒட்டும். பெரும்பாலும் மேக்னடைட்தான். அதற்குள்ளும் இதே அலைச்சல்.

உங்கள் கல்லூரிக் கருவியில் செம்பிலிருந்து எக்ஸ்-கதிரை எழுப்பும் குழாய்தான் இருக்கும். அணுத் தொலைவுக் கணக்குக்கு அந்தக் கதிரின் ஆற்றல் போதாது. இருந்தாலும் வெறும் கண்ணாடியை நாளைக்கே அளந்துவிடுங்கள். கழிப்பதற்கு முந்தைய கோப்பு இருக்கிறதா இல்லையா, அதை முதலில் எழுதுங்கள். இருந்தால், அடுத்த மாணவர் அந்தக் கணினியில் இடம் தேடி அழிப்பதற்குள் பென் டிரைவில் எடுத்துவையுங்கள்.