வீட்டில் இருக்கும் பொருட்களை வைத்தே நல்ல பசை செய்ய முடியுமா? மைதாவைத் தண்ணீரில் கரைத்துத் தடவினேன், காய்ந்ததும் உதிர்ந்துவிட்டது.

தாராளமாக முடியும். ஆனால் எதை ஒட்டப் போகிறீர்கள் என்று முதலில் பாருங்கள். காகிதம், அட்டை, துணி என்றால் மாவுப் பசையே போதும். கண்ணாடி, பிளாஸ்டிக், உலோகம் என்றால் மெனக்கெட வேண்டாம். மாவுப் பசை நாருக்குள் ஊறி இறங்கித்தான் பிடிக்கும். வழவழப்பான பரப்பில் தடவினால் காய்ந்ததும் ஏடாக உரிந்து வந்துவிடும். உடைந்த கண்ணாடியை மைதாவால் ஒட்டிக் காட்டும் வீடியோக்களை நான் நம்புவதில்லை.

நீங்கள் தடவிய மைதா உதிர்ந்ததற்கு, அதைக் காய்ச்சாமல் விட்டதுதான் காரணம். பச்சை மாவில் ஸ்டார்ச் (மாவுச்சத்து) சின்னச் சின்ன மணிகளாக இறுகிக் கிடக்கும். குளிர்ந்த நீரில் அது கரையாது. கொஞ்ச நேரம் விட்டால் அடியில் போய்ப் படிந்துவிடும். சூடு ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸைத் தொடும்போதுதான் கோதுமை ஸ்டார்ச் மணிகள் நீரைக் குடித்து உப்பி, உள்ளே சுருண்டிருக்கும் நீளமான மூலக்கூறுகளை வெளியே விடுகின்றன. காகிதத்தின் செல்லுலோஸ் நார்களைப் பற்றிக்கொள்வது அவைதான். ஆக, அடுப்பில் ஏற்றாத மாவுக் கரைசலைப் பசை என்றே சொல்ல முடியாது.

நான் செய்யும் விதம் இது. ஒரு கப் மைதாவுக்கு நான்கு கப் தண்ணீர். அதில் ஒரு கப் தண்ணீரைப் பச்சையாகவே மாவில் விட்டு, கட்டியே இல்லாமல் கரைத்துக்கொள்ளுங்கள். மாவை நேராக வெந்நீரில் கொட்டினால் வெளிப்புறம் உடனே வெந்து, உள்ளே உலர்ந்த மாவு அப்படியே மாட்டிக்கொள்ளும். அப்புறம் எவ்வளவு கிளறினாலும் அந்தக் கட்டி உடையாது. மீதி மூன்று கப்பையும் கொதிக்கவிட்டு, தீயைக் குறைத்து, கரைசலை ஒரு கையால் ஊற்றிக்கொண்டே மறு கையால் கிளறுங்கள். சட்டென்று கெட்டிப்படும். பலரும் அங்கேயே இறக்கிவிடுகிறார்கள், அது அவசரம். இன்னும் இரண்டு மூன்று நிமிடம் அடிபிடிக்காமல் கிண்டினால் வெள்ளை நிறம் மங்கி, லேசான பளபளப்பு வரும். அதுதான் பதம். ஆறினால் இன்னும் இறுகும் என்பதால் கொஞ்சம் தளர்வாக இருக்கும்போதே இறக்குங்கள். மெல்லிய துணியில் வடிகட்டினால் நுணுக்கமான வேலைக்குக்கூட ஆகும்.

காய்ந்த பிறகு தடம் தெரியக் கூடாது என்றால் மைதாவுக்குப் பதில் சோள மாவு (கார்ன்ஃப்ளார்) எடுங்கள், அந்த வெள்ளை வெளேர் என்ற நைஸ் மாவு. அதில் புரதம் மிகக் குறைவு என்பதால் தெளிவாகக் காயும். பழைய ஆவணங்களைச் செப்பனிடுகிறவர்கள் இன்றும் புரதம் நீக்கிய கோதுமை ஸ்டார்ச் பசையைத்தான் விரும்புகிறார்கள். பல வருடம் கழித்தும் ஈரம் காட்டினால் அது இளகும், தாளைக் கிழிக்காமல் பிரித்துவிடலாம். நீரில் இளகுவது குறை என்று நாம் நினைப்பது அவர்களுக்கு வரம்.

மரத்துண்டு ஒட்ட வேண்டுமா? அதற்குப் பால் பசை. கொழுப்பு நீக்கிய பால் ஒரு கப், கொதிக்காமல் சூடாக்கி, இரண்டு மேசைக்கரண்டி வினிகர் விட்டால் திரியும். திரளை வடிகட்டி, கழுவி, நன்றாகப் பிழியுங்கள். இதுதான் கேசின் என்ற பால் புரதம். இந்த நிலையில் ஒட்டாது. கால் தேக்கரண்டி சமையல் சோடாவும் துளித்துளியாகத் தண்ணீரும் சேர்த்து மசித்தால் நுரைத்து, இளகி, பிசுபிசுப்பாகும். ஏளனமாக நினைக்காதீர்கள்: இரண்டாம் உலகப் போரில் பறந்த மஸ்கிட்டோ என்ற மர விமானத்தின் ஆரம்பகாலப் பாகங்கள் கேசின் பசையால்தான் ஒட்டப்பட்டன. ஈரமும் வெப்பமும் தாங்காததால் பிறகு செயற்கைப் பிசினுக்கு மாறினார்கள்.

ஒட்டும்போது தாள் சுருங்குவது பசையின் குற்றமல்ல, அதிலுள்ள நீர் செய்யும் வேலை. மெல்லியதாகத் தடவி, காயும்வரை கனமான புத்தகத்தை மேலே வையுங்கள்.

பூஞ்சை வராமலிருக்கச் சிலர் படிகாரம் போடச் சொல்வார்கள். அது அமிலத்தன்மை உள்ளது, நாளடைவில் தாளைப் பழுப்பாக்கிவிடும். வைத்துக் காக்க வேண்டிய தாள்களுக்கு வேண்டாம். மயில்துத்தம் (காப்பர் சல்ஃபேட்) பூச்சியைத் தடுக்கும்தான், ஆனால் விஷம். குழந்தைகள் கைபடும் பசையில் கூடவே கூடாது. தேவைக்கு மட்டும் காய்ச்சுங்கள். மிஞ்சினால் மூடி குளிர்பெட்டியில் வைத்து சில நாளில் தீர்த்துவிடுங்கள். மேலே நீர் விட்டுப் பிரிந்து, புளித்த வாடை அடித்தால் கொட்டிவிட்டுப் புதிதாகக் காய்ச்சுங்கள்.