கேளுங்க சொல்றேன்: கேம் கம்பெனிக்கு நம்மளைப் பத்தி என்னதான் தெரியும்?

போன இதழ்ல மொபைல் கேம்கள் எடுக்குற டேட்டா பத்தி ஓரமா நாலு வரி எழுதியிருந்தேன், அதுக்கு வந்த மெயிலையும் வாட்ஸ்அப்பையும் பார்த்தா மத்த கேள்வியெல்லாம் அடுத்த இதழுக்கு தள்ளிட்டு இந்த தடவை முழுக்க இதையே பேசிடலாம்னு தோணுச்சு.

என் பையனுக்கு 11 வயசுங்க. என் போன்லதான் ஒரு ஷூட்டிங் கேம் விளையாடுறான். பேங்க் விவரம் எதுவும் குடுக்கல, பேரு கூட ஏதோ புலி சிங்கம்னு வெச்சிருக்கான், பிறந்த வருஷம் கேட்டுச்சாம், 1990னு போட்டுட்டான். எங்ககிட்ட எடுக்குறதுக்கு என்னங்க இருக்கு?
- ஒரு இல்லத்தரசி, ஈரோடு

நெறைய இருக்குங்கம்மா. பேரு அவங்களுக்கு தேவையே இல்ல. உங்க போனுக்குன்னு விளம்பர ஐடின்னு ஒரு அடையாள நம்பர் இருக்கு, ஐ.பி. அட்ரஸை (நெட் இணைப்போட நம்பர்) வெச்சா ஊரு தெரிஞ்சுடும், போன் மாடலைப் பார்த்தா வீட்டு வசதி ஓரளவு தெரிஞ்சுடும். இதுவே சின்ன விஷயம். பையன் எத்தனை மணிக்கு கேமைத் திறக்குறான், எத்தனை தடவை தோத்தா கடுப்பாகி மூடுறான், எந்த ஸ்கின்னை (கேம்ல வர்ற ஆளுக்கு மாட்டுற உடுப்பு) ரொம்ப நேரம் பார்த்துட்டு வாங்காம போறான், யாரோட சேர்ந்தா கூடுதல் நேரம் இருக்கான்னு ஒவ்வொரு தட்டும் சர்வருக்கு போகும். டெலிமெட்ரின்னு சொல்லுவாங்க. பாதி நியாயமான வேலைதான், எங்க கேம் கிராஷ் ஆகுது, எந்த லெவல்ல எல்லாரும் மாட்டிக்கிறாங்கன்னு தெரியாம கேமை சரி பண்ண முடியாது. மீதி பாதி, பையனை எப்படி இன்னும் அரை மணி நேரம் உட்கார வைக்கலாம், எப்ப காசு கேட்டா குடுப்பான்னு கண்டுபிடிக்க.

ஃபோர்ட்நைட்ங்கிற ஷூட்டிங் கேமோட கதை தெரிஞ்சா உங்களுக்கே புரியும். அதை நடத்துற எபிக் கேம்ஸ் மேல அமெரிக்காவோட எஃப்.டி.சி. (வியாபார முறைகேடுகளைப் பார்க்குற அரசு அமைப்பு) கேஸ் போட்டு, 2022 டிசம்பர்ல மொத்தம் 52 கோடி டாலருக்கு முடிஞ்சுது. அதுல 27.5 கோடி, 13 வயசுக்கு கீழ இருக்குற பிள்ளைங்க டேட்டாவை பெத்தவங்க சம்மதம் இல்லாம எடுத்ததுக்கு அபராதம். வாய்ஸ் சாட், டெக்ஸ்ட் சாட் ரெண்டையும் தானாவே ஆன்ல வெச்சிருந்தாங்க, அதனால சின்னப் பிள்ளைங்க முன்ன பின்ன தெரியாதவங்களோட நேரா பேசுற நிலைமை வந்துச்சு, கம்பெனிக்குள்ளயே சிலர் இதை மாத்துங்கன்னு சொல்லியும் சரியா மாத்தலன்னு எஃப்.டி.சி. சொன்னுச்சு. மிச்சம் 24.5 கோடி வேற கணக்கு, பட்டனை குழப்பமா வெச்சு தெரியாம வாங்க வெச்சதுக்கு ஜனங்களுக்கு திருப்பித் தரவேண்டிய காசு.

இப்ப அந்த 1990க்கு வாங்க. எனக்கு கவலை அதுதான். அந்த ஒரு நம்பரால உங்க பையன் அவங்க கணக்குல முப்பது தாண்டுன ஆளு, குழந்தைங்களுக்குன்னு சட்டத்துக்கு பயந்து வெச்சிருக்குற பூட்டு எதுவும் அவனுக்கு போடமாட்டாங்க. முதல்ல அந்த அக்கவுண்டை அழிச்சுட்டு சரியான வயசுல புதுசு தொடங்குங்க, கஷ்டப்பட்டு சேர்த்த ரேங்க் போச்சுன்னு ரெண்டு நாள் அழுவான், பரவாயில்ல. அப்படியே போன் செட்டிங்ஸ்ல அந்த கேமுக்கு மைக், கான்டாக்ட்ஸ், லொகேஷன் பர்மிஷன் இருக்கான்னு பாருங்க. எங்க அக்கா பொண்ணு ஒரு கலர் அடிக்கிற கேம் வெச்சிருந்தா, யானைக்கு பச்சைக் கலர் அடிக்க அதுக்கு எங்க அக்காவோட கான்டாக்ட் லிஸ்ட் வேணுமாம்!

நான் ஆன்லைன் கேம் பக்கமே போறதில்ல அண்ணா. காசு குடுத்து வாங்கின சிங்கிள் பிளேயர் கேம் மட்டும்தான். நான் தப்பிச்சேன்தானே?
- கல்லூரி மாணவர், கோவை

அப்படித்தான் தம்பி நானும் நெனச்சிட்டிருந்தேன். ஃபார் க்ரை ப்ரைமல்னு யுபிசாஃப்ட் கம்பெனியோட கேம், 2016ல வந்தது, கற்காலத்துல ஈட்டி எடுத்துட்டு வேட்டையாடணும், தனியா விளையாடுறதுதான். ஆனா திறக்கணும்னாலே நெட் வேணும். ஒருத்தர் சந்தேகப்பட்டு அது என்ன பண்ணுதுன்னு பார்த்தா பத்து நிமிஷத்துல 150 தடவை வெளி சர்வர்களோட பேசியிருக்கு, கூகுள், அமேசான், டேட்டாடாக்னு போற இடம் வேற வேற. வியன்னாவுல இருக்குற நாய்ப் (noyb) ங்கிற பிரைவசி அமைப்பு இதை வெச்சு 2025 ஏப்ரல்ல ஆஸ்திரியாவுல புகார் குடுத்துச்சு. வாங்கின கேம்தானான்னு செக் பண்றோம்னு கம்பெனி சொன்னதுக்கு, அவர் வாங்கினது ஸ்டீம்ங்கிற ஆன்லைன் கேம் கடையில, அதை ஸ்டீமே பார்த்துக்குதே, உங்களுக்கு எதுக்குன்னு இவங்க கேட்டாங்க. சரியான கேள்வி. கற்கால மனுஷன் தீ மூட்டுறதுக்கு முன்னாடி அமேசான் சர்வருக்கு தகவல் சொல்லிட்டு மூட்டுறான்!

2018லயும் இப்படி ஒண்ணு வெளிய வந்துச்சு. ரெட் ஷெல்னு ஒரு சின்ன சாஃப்ட்வேரை நெறைய பிசி கேம்ல உள்ள வெச்சிருந்தாங்க, சிவிலைசேஷன் 6, எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன் எல்லாம் அந்த லிஸ்ட்ல இருந்துச்சு. நெட்ல எந்த விளம்பரத்தை கிளிக் பண்ண ஆளு அப்புறமா கேமை வாங்கி திறந்தாருன்னு கோத்துப் பார்க்குறது அதோட வேலை. யாருகிட்டயும் தெளிவா சொல்லல, பிளேயருங்களே தோண்டி எடுத்து சத்தம் போட்ட பிறகு ஒவ்வொரு கம்பெனியா தூக்கிட்டாங்க.

நான் என்ன அம்பானியா சார்? என் டேட்டாவை வெச்சு எவன் என்ன பண்ணப் போறான்?
- ஆட்டோ ஓட்டுநர், மதுரை

அண்ணே, உங்க ஒருத்தர் டேட்டாவுக்கு மதிப்பு கம்மிதான், ஒத்துக்கிறேன். நீங்க சவாரிக்கு காத்திருக்குற நேரத்துல போன்ல என்ன தட்டுறீங்கன்னு தனியா எவனும் உட்கார்ந்து பார்க்கப் போறதில்ல. கோடிக்கணக்குல சேர்த்து வெச்சாதான் விஷயமே.

போக்கிமான் கோ ஞாபகம் இருக்கா, 2016ல உலகமே தெருவுல போனைத் தூக்கிட்டு அலைஞ்சுதே. ஆரம்பத்துல ஐபோன்ல கூகுள் கணக்கை வெச்சு உள்ள போனவங்ககிட்ட முழு கணக்குக்கும் பர்மிஷன் வாங்கிடுச்சு, அப்புறம் தப்பா நடந்துடுச்சு, ஐடியும் மெயில் அட்ரஸும்தான் பார்த்தோம்னு சொல்லி, அதை நடத்தின நயான்டிக் கம்பெனி சரி பண்ணுச்சு. அது பழைய கதை. 2024 நவம்பர்ல அதே கம்பெனி, உலகத்தை முப்பரிமாணமா புரிஞ்சுக்குற ஒரு ஏஐ மாடல் செய்றோம்னு சொன்னுச்சு, அதுக்கு பிளேயருங்க பார்க், சிலை, கட்டடம்னு ஸ்கேன் பண்ணி அனுப்பின வீடியோவும் சேர்த்தி. ஸ்கேன் பண்றது அவங்கவங்க விருப்பம், சும்மா நடந்து விளையாடுறது இதுல வராதுன்னு சொன்னாங்க, சரி. ஆனா அந்த கேம்ல வர்ற பிகாச்சுங்கிற பிராணியைப் புடிக்கப் போனவன், நாம ரோபோவுக்கு வழி சொல்லித் தர்ற மேப் போடுறோம்னு நெனச்சா ஸ்கேன் பண்ணியிருப்பான்? அடுத்த 2025 மார்ச்ல அந்த கேமோட சேர்த்து தங்களோட கேம் பிரிவையே 350 கோடி டாலருக்கு ஸ்கோப்லிங்கிற கம்பெனிக்கு விக்கிறதா அறிவிச்சாங்க, ஸ்கோப்லியோட ஓனரு சவுதி அரசோட முதலீட்டு நிதி. நீங்க ஒருத்தர்கிட்ட குடுத்த டேட்டா உங்களைக் கேக்காமலே இன்னொருத்தர் கைக்கு போகும், எனக்கு உறுத்துறது அந்த கைமாத்துதான்.

இன்னொண்ணு. 2017ல ஆக்டிவிஷன்ங்கிற கேம் கம்பெனிக்கு ஒரு பேடன்ட் கிடைச்சுது. புதுசா வந்தவனை நல்ல துப்பாக்கி வாங்கி வெச்சிருக்குற கெட்டிக்காரன்கூட மோதவிட்டா இவனுக்கும் வாங்கத் தோணும், வாங்கின பிறகு அந்த துப்பாக்கி நல்லா வேலை செய்யுற மேட்ச்ல போட்டுவிட்டா வாங்கினது சரிதான்னு திருப்தி வரும்னு அதுல எழுதியிருக்கு. ஆராய்ச்சிக்காக எழுதினது, எந்த கேம்லயும் போடலன்னு கம்பெனி சொன்னுச்சு. நான் அதை சந்தேகப்படல. இப்படி ஒண்ணு செய்யணும்னா என்ன டேட்டா வேணும்னு மட்டும் யோசிச்சுப் பாருங்க, அம்பானியா இருக்க வேண்டியதே இல்ல, தோத்தா கோவம் வர்ற மனுஷனா இருந்தா போதும்.

பப்ஜியை டேட்டா திருடுதுன்னு தடை பண்ணாங்க. அப்புறம் பி.ஜி.எம்.ஐ.னு பேரை மாத்திட்டு வந்துச்சு, தடை பண்ணாங்க, திரும்ப வந்துச்சு. இப்ப சேஃபா இல்லையா, ஒரு வார்த்தையில சொல்லுங்க.
- பாலிடெக்னிக் மாணவர், திருநெல்வேலி

ஒரு வார்த்தையில வராது தம்பி. 2020 செப்டம்பர் 2, தகவல் தொழில்நுட்பச் சட்டம் 69ஏ பிரிவுல 118 ஆப்பை தடை பண்ணப்ப பப்ஜி மொபைலும் போச்சு, டேட்டா நாட்டுக்கு வெளிய இருக்குற சர்வருக்கு போகுதுங்கிறது அப்ப சொன்ன காரணத்துல ஒண்ணு. பப்ஜியோட கொரியக் கம்பெனி க்ராஃப்டன், சீனக் கம்பெனியான டென்சென்டை இந்தியாவுல இருந்து ஒதுக்கிட்டு 2021 ஜூலையில பி.ஜி.எம்.ஐ.யா கொண்டு வந்துச்சு, வரதுக்கு முன்னாடியே சீனாவுல இருக்குற சர்வரோட பேசுதுன்னு செய்தி வந்து அவசரமா அப்டேட் விட்டாங்க. 2022 ஜூலையில மறுபடி தூக்கினாங்க, 2023 மே மாசம் சோதனை அடிப்படையில திரும்ப வந்துச்சு. இந்த மொத்த கதையிலயும் பேசினது டேட்டா எந்த நாட்டுக்கு போகுதுங்கிறதைத்தான். என்ன டேட்டா, எதுக்கு, எத்தனை வருஷம் வெச்சிருப்பாங்கன்னு பெருசா யாரும் பேசல. சர்வர் மும்பையில இருந்தா உன் டேட்டா உன்னோடதுன்னு அர்த்தமாயிடுமா?

வலோரன்ட் கேமைப் போட்டா கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதே அதோட ஏதோ ஒண்ணும் ஆன் ஆகுதாமே, நெஜமா?
- ஐடி ஊழியர், சென்னை

நெஜம்தான். வேன்கார்டுனு பேரு, சீட்டிங் பண்றவங்களைப் புடிக்கிற சாஃப்ட்வேர். விண்டோஸோட அடிமட்டம் வரைக்கும், கெர்னல்னு சொல்ற இடத்துல உட்காரும். 2020ல வந்தப்பவே பெரிய சண்டை, எங்க சாஃப்ட்வேர்ல ஓட்டை கண்டுபிடிச்சா 1 லட்சம் டாலர் வரைக்கும் தர்றோம்னு அந்த கேமோட கம்பெனி ரயட் அறிவிச்சுது. சீட்டர்ஸும் அதே ஆழத்துக்கு போறதால வேற வழியில்லங்கிறது அவங்க வாதம், அதுல நியாயம் இருக்கு. ஆபீஸ் லேப்டாப்ல மட்டும் போட்டுடாதீங்க.

நான் வி.ஆர். ஹெட்செட் மாட்டித்தான் விளையாடுறேன். முகமும் தெரியாது, பேரும் இல்லை. இதுல கூடவா கண்டுபிடிப்பினம்?
- யாழ்ப்பாணத்துல பிறந்து டொராண்டோவுல இருக்குற வாசகர்

கண்டுபிடிச்சிருக்காங்க, இந்த தலைப்புல என்னை ரொம்ப அசர வெச்சது இதுதான். பெர்க்லியில இருக்குற கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023ல பீட் சேபர்னு, பாட்டுக்கு ஏத்தபடி கையை வீசுற வி.ஆர். கேம் விளையாடின 50,000க்கும் மேல ஆளுங்களோட தலை, ரெண்டு கை அசைவை மட்டும் எடுத்துப் பார்த்தாங்க. படமில்ல, குரலில்ல, வெறும் அசைவு. 100 செகண்ட் அசைவை குடுத்தா இது யாருன்னு 94 சதவீதம் சரியா சொல்லிடுச்சு. நம்ம ஊர்ல தூரத்துல ஒருத்தர் நடந்து வர்றதை வெச்சே இன்னார் வீட்டுப் பையன்னு பாட்டிங்க சொல்லுவாங்களே, அதேதான், ஆனா அரை லட்சம் பேருக்கு நடுவுல. பேரை மாத்தலாம், பாஸ்வேர்டை மாத்தலாம், கை வீசுற விதத்தை எப்படி மாத்துறது?

வயசை பொய்யா போடுறாங்கன்னா ஆதாரை கட்டாயமாக்கிட வேண்டியதுதானே? பிரச்சினை தீர்ந்துச்சு.
- ஓய்வு பெற்ற ஆசிரியர், திருச்சி

ஐயா, சீனாவுல கிட்டத்தட்ட அதைத்தான் பண்ணாங்க. அடையாள அட்டையோட கணக்கை கட்டினாங்க, பிள்ளைங்க தாத்தா பாட்டி கார்டைப் போட்டு உள்ள போனாங்க, உடனே டென்சென்ட் 2021ல ராத்திரி ரொம்ப நேரம் ஆடுற பெரியவங்க கணக்குக்கெல்லாம் முகத்தைக் காட்டுன்னு கேட்க ஆரம்பிச்சுது. ஒரு பொய்யைத் தடுக்க அட்டை, அட்டையோட பொய்யைத் தடுக்க முகம். பிள்ளைங்க நெறைய பேர் விளையாடுற ரோப்லாக்ஸ் கேமும் 2025 நவம்பர்ல, சாட் பண்ணணும்னா முகத்தைக் காட்டி வயசை கணிக்கணும்னு அறிவிச்சுது, படத்தை உடனே அழிச்சுடுவோம்னும் சொன்னுச்சு.

நம்ம தமிழ்நாட்டுலயே காசு கட்டி ஆடுற ஆன்லைன் கேமுக்கு ஆதார் சரிபார்ப்பு, ராத்திரி 12ல இருந்து காலையில 5 வரைக்கும் தடைன்னு விதி வந்துச்சு, பிரைவசி போகுதுன்னு கம்பெனிங்க வழக்கு போட்டாங்க, சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூன்ல விதி செல்லும்னு சொல்லிடுச்சு. ரம்மியில சொத்தை அழிச்ச குடும்பங்களைப் பார்த்தவன் நான், அந்த தீர்ப்புல எனக்கு வருத்தமில்ல. ஆனா மிட்டாயை வரிசையா அடுக்குற கேமுக்கும் ஆதார் கேட்டா அந்த நம்பரை எவன் எங்க பூட்டி வெப்பான்? 2011ல சோனியோட பிளேஸ்டேஷன் நெட்வொர்க்ல புகுந்து 7.7 கோடி கணக்கோட விவரத்தை அள்ளினப்ப, அவ்வளவு பெரிய கம்பெனியே மூணு வாரத்துக்கு மேல சேவையை மூடி வெச்சிருந்துச்சு.

சார், எங்கம்மா தினமும் நைட்டு என் கேமைத் திறந்து எவ்ளோ நேரம் விளையாடினேன்னு பாக்குறாங்க. இது என் பிரைவசியில தலையிடுறதுதானே? சட்டப்படி ஏதாவது பண்ண முடியுமா?
- எட்டாம் வகுப்பு மாணவி, தஞ்சாவூர்

பாப்பா, சட்டம் உங்கம்மா பக்கம். டிஜிட்டல் தனிநபர் தரவு பாதுகாப்புச் சட்டம்னு 2023ல நிறைவேறி, விதிகள் 2025 நவம்பர்ல வந்திருக்கு, முழுசா அமலுக்கு வர 18 மாசம் டைம் குடுத்திருக்காங்க. அதுல 18 வயசு வரைக்கும் நீ குழந்தை, உன் டேட்டாவை எடுக்க கம்பெனி உங்கம்மாகிட்ட சம்மதம் வாங்கணும், உன் நடவடிக்கையைப் பின்தொடர்ந்து விளம்பரம் காட்டக்கூடாது, மீறினா 200 கோடி ரூபா வரைக்கும் அபராதம். அதனால உங்கம்மா நேரத்தைப் பார்க்கட்டும், நீ அவங்க பக்கத்துல உட்கார்ந்து அதே கேம்ல பிரைவசி செட்டிங்ஸ்னு ஒரு பக்கம் இருக்கும், அதைத் திறந்து காட்டு. அதைப் பார்த்த பிறகு அவங்க கோவம் உன் மேல இருக்காது.