2 வயதுக் குழந்தைக்கு எந்த பாட்டி (potty) சீட் வாங்கலாம்? டாய்லெட் பழக்கத்தை எப்படித் தொடங்குவது?

கேள்வி: மகனுக்கு 2 வயது 4 மாதம். ஜூனில் பிளே ஸ்கூல், டயபர் இல்லாமல் வரச் சொல்கிறார்கள். வீட்டில் வெஸ்டர்ன் ஒன்று, இந்தியன் ஒன்று இருக்கிறது. என்ன வாங்குவது, எங்கே தொடங்குவது?

முதலில் தரையில் வைக்கும் சாதாரண பிளாஸ்டிக் பாட்டி, அதாவது குழந்தை உட்கார்ந்து போகும் சின்னக் கிண்ண இருக்கை, வாங்குங்கள். கமோடு மேல் பொருத்தும் சீட்டை அவன் பழகிய பிறகு, சில மாதம் கழித்து வாங்கிக்கொள்ளலாம். இதற்குக் காரணம் கால்தான். இரண்டு பாதமும் தரையில் அழுந்தியிருந்தால்தான் குழந்தையால் நன்றாக முக்க முடியும். கால் தொங்கினால் விழுந்துவிடாமல் இருக்கத் தொடையையும் இடுப்பையும் இறுக்கிக்கொள்வான், அதோடு ஆசனவாய்த் தசையும் இறுகிவிடும். அப்போது உச்சா எப்படியோ வந்துவிடும், ஆய் வராது. "உட்காருறான், ஆனா ஒண்ணும் போக மாட்டேங்கிறான்" என்று சொல்லும் பல வீடுகளில் கோளாறு குழந்தையிடம் இல்லை, சீட் உயரத்தில்தான்.

கடைக்குப் போகும் முன் அவனை நிற்க வைத்து, தரையிலிருந்து முழங்கால் மடிப்பு வரை அளந்துகொள்ளுங்கள். இந்த வயதில் சுமார் 20 செ.மீ. இருக்கும். பாட்டியின் உயரம் அதைவிட ஓரிரு செ.மீ. குறைவாக இருந்தால் நல்லது, முழங்கால் இடுப்பைவிடச் சற்று மேலே வரும். அடிப்பாகம் அகலமாக, ரப்பர் பிடிப்போடு இருக்கட்டும், நம் வீட்டு டைல்ஸ் ஈரமானால் வழுக்கும். உள்கிண்ணம் மேலே தூக்கி எடுப்பதுபோல் இருந்தால் கொட்டிக் கழுவச் சுலபம். பின்பக்கம் டிராயர் மாதிரி இழுக்கும் வகையில் இடுக்கில் உச்சா தேங்கி நாற்றம் நிற்கும். பையன் என்பதால் முன்னால் சிறு மேடு வேண்டும், ஆனால் உயரமான கூர்மையான மேடு வேண்டாம். உட்காரும்போது ஒருமுறை இடித்து வலித்துவிட்டால் மறுபடி அந்தப் பக்கமே வரமாட்டான்.

ஸ்பான்ஜ் குஷன் வைத்துத் தைத்த சீட்டை எடுக்காதீர்கள். தையல் வழியே ஈரம் உள்ளே இறங்கும், மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். கார், யானை வடிவம், பாட்டுப் பாடும் பட்டன் எல்லாம் விலையைத்தான் ஏற்றும். அதோடு, குழந்தை அதை ஓட்டி விளையாடத் தொடங்கினால் அது விளையாட்டுச் சாமானாகிவிடும், உட்காரும் இடமாக இருக்காது.

பிறகு கமோடு சீட் வாங்கும்போது உங்கள் கமோடு வாயின் வடிவத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். நீள்வட்ட வாய்க்குச் செய்த சீட் சதுர கமோடில் ஆடும். கூடவே கால் வைக்க ஸ்டூல் கட்டாயம் வேண்டும். கமோடு 40 செ.மீ. உயரம், அவன் கால் 20 செ.மீ. என்றால் ஸ்டூல் 20 முதல் 25 செ.மீ. உயரம் இருக்க வேண்டும். ஏணி வைத்த சீட்டில் ஏறுவது சரிதான், ஆனால் மேல்படி பெரும்பாலும் குறுகலாக இருக்கும், பாதம் முழுதாகப் பதியாது. சின்ன பாத்ரூமில் அதை விரித்தால் கதவும் திறக்காது. இந்தியன் டாய்லெட்டில் குந்தும் நிலை உடம்புக்கு நல்லதுதான் என்றாலும், 2 வயதுக் காலுக்கு அந்த அகலம் எட்டாது, குழியைப் பார்த்துப் பயமும் இருக்கும். அதற்கு 4 வயதுக்கு மேல் பழக்கினால் போதும்.

2 வயது 4 மாதம் சரியான வயது. ஆனாலும் வயதைவிட அறிகுறிகளைப் பாருங்கள். டயபர் 2 மணி நேரம் காய்ந்திருக்கிறதா? ஆய் வரும்போது மூலைக்கோ கதவுக்குப் பின்னாலோ போய் நிற்கிறானா? ஜட்டியைக் கீழே இழுக்கத் தெரிகிறதா? "செருப்பை எடுத்துட்டு வா" என்றால் புரிந்து செய்கிறானா? இவை பெரும்பாலும் இருந்தால் தொடங்கலாம். தம்பியோ தங்கையோ பிறக்கும் மாதம், வீடு மாறும் வாரம், காய்ச்சலிலிருந்து எழுந்த நாட்கள் வேண்டாம். ஏப்ரல், மே தோதான காலம். நனைந்த ஜட்டி அரை மணியில் காய்ந்துவிடும்.

"உங்கப்பன் ஒரு வயசுலயே கால்ல உட்கார வெச்சா போயிடுவான்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அப்போது நேரத்தைக் கவனித்தது வீட்டுப் பெரியவர்கள்தான், குழந்தை அல்ல. அந்த "ஸ்ஸ்ஸ்" சத்தத்தை இப்போதும் தாராளமாகப் பயன்படுத்தலாம், கெடுதல் ஒன்றுமில்லை. இன்றைக்கு நாம் பழக்குவது, வருகிறது என்று குழந்தையே உணர்ந்து சொல்வதை.

முதல் சில நாள் பாட்டியை அவன் கண்ணில் படும் இடத்தில் வைத்து, உடுப்போடு உட்கார்ந்து பழகட்டும். அப்புறம் டயபரில் இருக்கும் ஆயை அவன் பார்க்கவே பாட்டியில் கொட்டி, "இது போற இடம் இங்கதான்" என்று காட்டுங்கள். அதன்பின் பகலில் டயபரை நிறுத்திவிடுங்கள். காலையில் போட்டு மதியம் எடுத்து, விருந்தாள் வந்தால் மறுபடி போட்டால் அவனுக்குக் குழப்பம்தான் மிஞ்சும். பட்டன், பெல்ட் இல்லாத தளர்ந்த எலாஸ்டிக் டிரவுசர் போடுங்கள்.

தூங்கி எழுந்ததும், சாப்பிட்டு 15 முதல் 20 நிமிடத்துக்குள், குளிக்கும் முன், படுக்கும் முன் உட்கார வையுங்கள். சாப்பிட்டதும் குடல் தானாக அசையத் தொடங்கும், ஆய்க்கு அந்த நேரம்தான் வாகானது. 3 நிமிடம், மிஞ்சினால் 5 நிமிடம் போதும். வராவிட்டால் எழுப்பிவிடுங்கள். கால் மணிக்கு ஒருமுறை இழுத்துக்கொண்டு போய் உட்கார வைத்தால், சிறுநீர்ப்பை நிறைவது எப்படி இருக்கும் என்று அவன் உணரவே வழியிருக்காது. கையில் செல்போன் கொடுத்து அரை மணி உட்கார வைப்பதும் வேண்டாம். பையனும் முதலில் உட்கார்ந்தே போகட்டும், நின்று போவதைப் பிறகு பழக்கிக்கொள்ளலாம்.

தரையில் போய்விட்டால் "உச்சா வந்துடுச்சா, அடுத்த தடவை பாட்டியில போகலாம்" என்று சொல்லித் துடைத்துவிடுங்கள். அடித்தால், "ச்சீ" என்று முகம் சுளித்தால், அடுத்த முறை அடக்கிக்கொள்வான் அல்லது கட்டிலுக்குப் பின்னால் போய்ப் போவான். கழுவும்போது ஹெல்த் ஃபாசெட்டை வேகமாக அடிக்காமல் மக்கில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்துக் கழுவுங்கள். பெண் குழந்தையானால் முன்னிருந்து பின்னாகக் கழுவ வேண்டும். முடிந்ததும் உங்கள் கையையும் அவன் கையையும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். இன்னொன்று: பாத்ரூமுக்குத் தனியாக ஓடப் பழகும் குழந்தை இருக்கும் வீட்டில் பக்கெட்டில் தண்ணீர் நிரப்பி வைக்கக் கூடாது. ஒரு சாண் தண்ணீர்கூட இந்த வயதில் உயிருக்கு ஆபத்து.

பெரும்பாலானவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் மலச்சிக்கல். ஒருமுறை ஆய் கெட்டியாகப் போய் வலித்தால் குழந்தை அடக்க ஆரம்பிக்கும். அடக்க அடக்க, குடல் அதிலுள்ள தண்ணீரை உறிஞ்சி இன்னும் கெட்டியாக்கும், அடுத்த முறை இன்னும் வலிக்கும். அடக்குகிற குழந்தையைக் கவனித்துப் பாருங்கள்: நுனிக்காலில் நிற்பான், காலைப் பின்னிக்கொள்வான், சோபாவைப் பிடித்துக்கொண்டு முகம் சிவக்க விறைப்பான். பார்ப்பவர்கள் முக்குகிறான் என்று நினைப்பார்கள், ஆனால் அவன் அடக்கிக்கொண்டிருக்கிறான். ஜட்டியில் அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் கறை படிந்தால் அதை வயிற்றுப்போக்கு என்றோ சேட்டை என்றோ எண்ணிவிடாதீர்கள். உள்ளே அடைத்திருக்கும் கட்டியைச் சுற்றி நீர்த்த மலம் கசிவதாகவும் இருக்கலாம்.

இப்படி இருந்தால் பயிற்சியை நிறுத்தி முதலில் மலத்தை இளக்குங்கள். பாலை ஒரு நாளைக்கு 400 முதல் 500 மி.லி.க்குள் வையுங்கள். லிட்டர் கணக்கில் பால் குடிக்கும் குழந்தை சோறும் காயும் சாப்பிடாது, சிக்கல் அங்கேதான் தொடங்கும். பப்பாளி, கொய்யா, கீரை, ஊறவைத்த உலர்திராட்சை, கூடவே தண்ணீர் கொடுங்கள். வெற்றிலைக் காம்பில் எண்ணெய் தொட்டுச் செருகுவது, சோப்புத் துண்டு வைப்பது இரண்டும் வேண்டாம். புண்ணாகும், ஆய் என்றாலே பயம் வரும். இரத்தம் வந்தால், வாரத்துக்கு 3 முறைக்கும் குறைவாகப் போனால், வயிறு உப்பினால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். மலமிளக்கி மருந்தை அவர் சொல்லும் அளவில், சொல்லும் நாள் வரை கொடுக்க வேண்டும். ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது என்று நீங்களாக நிறுத்தினால் பழையபடி அடைத்துக்கொள்ளும்.

உச்சா பாட்டியில், ஆய் மட்டும் டயபரில்தான் என்று அடம்பிடிக்கும் குழந்தைகளும் உண்டு. அவர்களிடம் டயபரைப் பிடுங்காதீர்கள். டயபர் போட்டு பாத்ரூமில் நின்று போகட்டும். அது பழகியதும் டயபரோடு பாட்டியில் உட்காரட்டும். பிறகு டயபரைக் கழற்றி பாட்டிக்குள் விரித்து அதன்மேல் உட்கார வையுங்கள், கடைசியில் எடுத்துவிடலாம். ஒவ்வொரு படிக்கும் சில நாள் பிடிக்கும்.

ராத்திரி டயபரை இப்போது தொடாதீர்கள். தூக்கத்தில் அடக்குவது பயிற்சியால் வருவதல்ல, உடம்பு வளர்ந்து வர வேண்டியது. 5 வயது வரை படுக்கை நனைவதைக் கோளாறாக எண்ண வேண்டாம். காலையில் டயபர் தொடர்ந்து பல நாள் காய்ந்திருந்தால் எடுத்துவிட்டு, பெட்ஷீட்டுக்கு அடியில் ரப்பர் ஷீட் விரித்தால் போதும்.

பிளே ஸ்கூலில் சேர்க்கும்போது வீட்டில் அவன் சொல்லும் சொல் எது என்று மிஸ்ஸிடம் சொல்லிவிடுங்கள். "உச்சா" என்பவன் "சூசூ" என்று கேட்டால் விழிப்பான். பையில் 2 செட் உடுப்பும் ஒரு பிளாஸ்டிக் கவரும் வையுங்கள். முதல் நாளுக்கு முன்பே ஒருமுறை கூட்டிப்போய் அங்கே உள்ள டாய்லெட்டில் உட்கார வைத்துக் காட்டிவிடுங்கள். வீட்டில் நன்றாகப் பழகியவன் முதல் இரண்டு வாரம் அங்கே நனைத்துக்கொண்டு வருவது சகஜம்தான். அதற்காக மறுபடி டயபருக்குப் போக வேண்டாம்.